சூறாவளியின் வண்டிக்குப் புது ஷாக்

அவள் கணவரின் பிக்கப் வண்டியில் கண்ணுக்குத் தெரிகிற எதற்கும் குறைவில்லை. முன்னால் ஏழு விளக்குகள் இருந்தன. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் எதிரே வருகிறவன் செய்யாத குற்றத்தைக்கூட ஒப்புக்கொண்டுவிடுவான். பம்பரில் ஒரு வின்ச். சேற்றில் புதைந்த லாரியையே இழுத்துவிடும் என்று சொல்லி வாங்கியது. அது இழுத்தது ஒரே ஒரு முறை, பக்கத்து வீட்டுக்காரரின் பழைய பீரோவை. வண்டி ஆற்றில் மூழ்கினாலும் எஞ்சின் மூச்சுவிட வேண்டும் என்று கூரை உயரத்துக்கு ஒரு கருப்புக் குழாய். அந்த வண்டி தன் ஆயுளில் கணுக்காலுக்கு மேல் நனைந்தது கழுவும்போது மட்டும்தான். பின் கண்ணாடியில் பெரிய எழுத்தில் 'சூறாவளி' என்று ஒட்டியிருந்தது. அது வண்டியின் பெயரல்ல, அவருடையது. மேடுபள்ளம் சங்கத்தார் வைத்த பெயர்.

மேடுபள்ளம் சங்கம் என்பது, நல்ல தார்ச்சாலை பக்கத்திலேயே இருக்க, அதை விட்டுவிட்டு வண்டியைப் பள்ளத்தில் இறக்குவதற்காகப் பதினான்கு ஆண்கள் சேர்ந்து நடத்துகிற அமைப்பு. ஞாயிற்றுக்கிழமை கூடுவார்கள். ஒருவர் பள்ளத்தில் மாட்டிக்கொள்வார். மற்ற பதின்மூன்று பேர் இழுப்பார்கள். எல்லோரும் மனநிறைவோடு வீடு திரும்புவார்கள். அவள் கணவர்தான் அந்தச் சங்கத்தின் பெருமை. மற்றவர்கள் பொழுதுபோக்காகச் செய்வதை அவர் தொழிலாகவே செய்தார், அதுவும் முட்டையை ஏற்றிக்கொண்டு.

வீட்டுக்குப் பின்னால் அவர்கள் நானூறு தாய்க்கோழிகள் வளர்த்தார்கள். அவை இடுவது சமைக்கிற முட்டை அல்ல, குஞ்சு பொரிக்கிற முட்டை. மாதத்துக்கு இரண்டு முறை முந்நூற்று அறுபது முட்டைகளை மலைமேல் இருக்கும் பண்ணைக்குக் கொண்டுபோக வேண்டும். அரை மணி நேரம் தார்ச்சாலை. அதன்பிறகு கல்குவாரிக்காரர்களின் தடுப்புக் கம்பி ஒன்று குறுக்கே இருக்கும். அதற்கப்பால் பதினெட்டு கிலோமீட்டர், சாலை என்று சொன்னால் சாலை கோபித்துக்கொள்ளும். முட்டைகளைத் தேர்ந்தெடுத்து, கூர்முனை கீழே இருக்கும்படி அட்டைத் தட்டுகளில் அடுக்குவது அவள் வேலை. ஓட்டுவது அவர் வேலை. காலை ஆறு மணிக்குக் கிளம்புவார். சாயங்காலம் திரும்புவார். "ஒன்றரை மணி நேரத்துல மேல ஏறிடுவேன், அப்புறம் கொஞ்சம் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் வண்டிய விளையாட விட்டுட்டு வருவேன்" என்று சங்கத்தாரிடம் போனில் சொல்லும்போது அவள் பக்கத்தில் இருந்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். முந்நூற்று அறுபதில் முந்நூறுக்குக் குறையாமல் பொரிந்தது. வேகமும் வேண்டும், முட்டையும் உடையக் கூடாது என்றால் அதற்கு ஒரு கை வேண்டும் என்று சங்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

அந்தக் கை ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஷேவ் செய்துகொண்டிருந்தபோதே நின்றுவிட்டது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உயிர் போகும்போது அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்று சொன்னார். ஆறுதலாகச் சொன்னதுதான். அவளுக்கு மட்டும் எல்லாம் தெரிந்தது.

அதன்பிறகு ஆறுதல் சொல்ல வந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நல்லவர்கள்தான். ஆனால் வீட்டில் ஒரு நாற்காலிகூட மிச்சமில்லாமல் ஆறுதல் உட்கார்ந்திருந்தது. கடைக்குப் போனால் ஆறுதல். வாசலில் குப்பை வைக்கப் போனால் எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து ஆறுதல். எட்டு மாதமாக அவள் யாருடைய கண்ணீரையாவது துடைத்துவிட்டுக்கொண்டே இருந்தாள். அவளை ஆள்விட்டுப் பிடிக்க முடியாத ஒரே இடம் அந்த மலைப்பாதை. அங்கே போனுக்கு சிக்னல் கிடையாது. அதனால்தான், ஆறு மாதமாக நின்றுபோயிருந்த முட்டை ஓட்டத்தை வேறு ஆளிடம் விடச் சொன்னபோது அவள் முடியாது என்றாள். கார் ஓட்டத் தெரியும், பிக்கப்பும் நான்கு சக்கரம்தானே என்றாள். மாதத்தில் இரண்டு நாள் யாரும் தன்னைப் பாவம் என்று பார்க்காமல் இருக்க வேண்டும் என்பதை வெளியே சொல்லவில்லை.

மூன்று முறை போய்வந்தாள். அவர் சொன்ன கணக்குப்படியே ஆறு மணிக்குக் கிளம்பி, பல்லைக் கடித்துக்கொண்டு, ஏழரைக்குப் பண்ணையில் நின்றாள். முதல் முறை பண்ணைக்காரி கதவைத் திறந்துவிட்டு, இவ்வளவு சீக்கிரம் வந்துட்டீங்களே என்றாள். அவளுக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை இருபத்தொரு நாள் தாங்கியது. பொரிந்தவை நூற்று எழுபது. அடுத்த முறை நூற்று ஐம்பது. மூன்றாவது முறையை அந்த அம்மாள் எண்ணிச் சொல்லவே சங்கடப்பட்டாள்.

முட்டை உடையவில்லை. அதுதான் கொடுமை. வெளியே பார்த்தால் எல்லாம் முத்து மாதிரி இருக்கும். விளக்கில் பிடித்துப் பார்த்தால் உள்ளே காற்றறை கழன்று, தட்டுத்தடுமாறி நீந்திக்கொண்டிருக்கும். குலுங்கின முட்டை அப்படித்தான் ஆகும். பண்ணைக்காரி சுற்றி வளைக்கத் தெரியாதவள். "உங்க மேல எனக்கு வருத்தம் இல்லம்மா. ஆனா இன்னொரு தடவை பாதிக்குக் கீழ போச்சுன்னா நான் வேற இடம் பாத்துக்கிறேன். என் இன்குபேட்டருக்கு உங்க கதை தெரியாது" என்றாள்.

செய்தி கொழுந்தனுக்கு எப்படியோ போய்விட்டது. சங்கத்தின் தலைவர் அவர். அண்ணன் போனபிறகு அந்த வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் அதன் பக்கவாட்டைத் தடவிவிட்டுத்தான் உட்காருவார். அன்றும் தடவிவிட்டு உட்கார்ந்தார். குடும்பத்தில் பேசிப் பார்த்ததாகச் சொன்னார். குடும்பம் என்றால் அவரும் அவர் மனைவியும். ஓட்டம் நின்றுவிட்டால் வண்டி சும்மா நிற்கக் கூடாது, அண்ணன் பெயரைச் சொல்லிச் சங்கத்தில் ஓடட்டும், நீங்கள் எதற்கு இந்த வயதில் கஷ்டப்பட வேண்டும் என்றார். எல்லாம் அவள்மேல் இருந்த அக்கறைதான். அக்கறை எப்போதும் சாவியைக் கையில் வாங்கிக்கொண்டுதான் வெளியே போகும்.

இந்த ஒரு தடவை போய்ப் பார்க்கிறேன் என்றாள் அவள். பாதிக்குக் கீழே போனால் சாவியை நானே கொண்டுவந்து தருகிறேன் என்று வாக்கும் கொடுத்தாள்.

கொழுந்தன் கெட்டவர் இல்லை. வாக்கு வாங்கியதும் மனசு இளகிவிட்டது. வண்டிக்கு அடியில் ஒரு முறை பார்க்கலாம் என்று படுத்தார். பிறகு அவளையும் குனிந்து பார்க்கச் சொன்னார். பின்சக்கரங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற ஷாக் அப்சார்பர் இரண்டும் எண்ணெய் வழிந்து, அதன்மேல் மண் அப்பி, வறுத்த கிழங்கு மாதிரி இருந்தன. ஒன்றைக் கழற்றி அவர் விரலால் அழுத்தினார். உள்ளே போன கம்பி வெளியே வர மறந்து அங்கேயே இருந்தது. பட்டை ஸ்பிரிங் குலுங்கும்போது அந்தக் குலுக்கலை அடக்கத்தான் ஷாக். அது செத்துப்போனால் ஒரு பள்ளத்துக்கு வண்டி ஒன்பது முறை தலையாட்டும்.

"எத்தனை வருஷமா இப்படி இருந்திருக்கும்?" என்று கேட்டாள்.

"ஆறேழு வருஷம் இருக்கும் அண்ணி" என்றார் கொழுந்தன். அப்புறம் குரலில் பக்தி ஏறியது. "இத வெச்சுக்கிட்டே ஒன்றரை மணி நேரத்துல ஏறியிருக்காரு பாருங்க. மனுஷனா அவரு?"

ஏழு விளக்கு வாங்கியவருக்கு இரண்டு ஷாக் வாங்க ஏன் தோன்றவில்லை என்று அவள் யோசித்தாள். அடியில் இருப்பதை ஞாயிற்றுக்கிழமை யாரும் பார்ப்பதில்லை என்று அப்போதைக்குப் பதில் சொல்லிக்கொண்டாள்.

சூறாவளியின் நினைவாக, வண்டிக்குப் புது ஷாக் போடுவது என்று சங்கம் தீர்மானம் நிறைவேற்றியது. அடுத்த ஞாயிறு ஆறு பேர் வந்தார்கள். அவர்களில் முக்கியமானவருக்கு டார்க் என்று பெயர். எந்தப் பேச்சை எடுத்தாலும் மூன்றாவது வாக்கியத்தில் டார்க், அதாவது முறுக்குவிசை, வந்துவிடும். போல்ட்டை எவ்வளவு பலத்தில் முறுக்க வேண்டும் என்று அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச் ஒன்று அவரிடம் இருந்தது. அது வெல்வெட் பெட்டியில் இருக்கும். வெளியே எடுத்தால் அழுக்காகிவிடும் என்பதால் கையாலேயே முறுக்குவார்.

புது ஷாக் பெட்டியைத் திறந்ததும் எல்லோரும் சுற்றி வந்து குனிந்தார்கள். ஆரஞ்சு நிறம். தொடை கனம். அடியில் ஒரு திருகு, அதில் ஒன்று முதல் எட்டு வரை எண்கள், எண் கூடக் கூட ஷாக் இறுகும். பெட்டிக்குள் நான்காக மடித்த தாள் ஒன்றும் இருந்தது. அதை ஒருவர் எடுத்து, ஷாக்கில் ஒட்டியிருந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு, கசக்கி அவள் கால் பக்கம் போட்டார்.

இங்கே அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பதினாறு வருடம் அவள் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறவளாக இருந்தாள். பெரிய புத்தகம் எல்லாம் இல்லை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைப்பார்களே, அந்தத் தாள்கள். உலகத்திலேயே யாரும் படிக்காத எழுத்தைப் பதினாறு வருடம் ஒரு கால்புள்ளி விடாமல் படித்தவள். அதனால் கீழே கிடந்த தாளை எடுத்து, நீவி, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வேலை நடந்தது. புது ஷாக் உள்ளே வாயு அடைத்தது. அது விரியாமல் இருக்க ஒரு நைலான் பட்டையால் கட்டியிருந்தார்கள். வண்டியில் ஒரு முனையை மாட்டிய பிறகுதான் பட்டையை அறுக்க வேண்டும் என்பது தாளின் முதல் வரி. டார்க் கத்தியை எடுத்து, பரிசைப் பிரிக்கிறவர்போலப் பட்டையை முதலில் அறுத்தார். ஷாக் ஒரு பெருமூச்சு விட்டது. மெதுவாக, கண்ணெதிரே, ஒரு முழம் நீண்டது. இனி அதை மாட்டவே முடியாது. டார்க் அதைத் தரையில் நிறுத்திக் கட்டிப்பிடித்து அழுத்தினார். இறங்கவில்லை. கொழுந்தன் டார்க்கைக் கட்டிப்பிடித்து அழுத்தினார். மூன்றாவது ஆள் இரண்டு பேரின் தோளிலும் ஏறினார். தெருவில் போன ஒரு அம்மாள், துக்க வீடு என்று தெரிந்தவள், தேம்புகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துத் தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

எப்படியோ மதியத்துக்குள் இரண்டும் மாட்டியாயிற்று. திருகை எந்த எண்ணில் வைப்பது என்பதில் விவாதமே இல்லை. எட்டு இருக்கும்போது எவனாவது ஏழில் வைப்பானா? சூறாவளிக்கு எட்டு. சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டுகளை இறுக்கினார்கள். டார்க் ஒவ்வொன்றுக்கும் கடைசியில் ஒரு முறை மூச்சைப் பிடித்து, அண்ணனுக்காக என்று சொல்லி இன்னொரு முறுக்கு முறுக்கினார்.

ஓட்டிப் பார்க்கத் தெருமுனை வரை போனார்கள். வேகத்தடையில் வண்டி ஏறியது. பின்பக்கம் மட்டும் தனியாக எழும்பி, காற்றில் ஒரு கணம் யோசித்துவிட்டு, தொப்பென்று விழுந்தது. உள்ளே இருந்த நான்கு பேரும் கூரையில் தலையை இடித்துக்கொண்டு, இதுதான்டா ஃபீலு என்று சொல்லிச் சிரித்தார்கள். அவள் சமையலறைக்குப் போய், ஒரு தட்டு முட்டை கொண்டுவந்து வண்டியின் பின்னால் கட்டிவைத்து, மறுபடியும் போய்வரச் சொன்னாள். முப்பதில் பதினொன்று உடைந்திருந்தது. சங்கம் கூடி ஆராய்ந்து, கோழிக்குச் சுண்ணாம்புச் சத்து போதவில்லை என்ற முடிவுக்கு வந்தது.

அவர்கள் போனபிறகு அவள் தாளை விரித்தாள். எண்ணெய்க் கறை படிந்த இடத்தைத் தவிர மற்றதெல்லாம் தெளிவாக இருந்தது. ஏழும் எட்டும் முழுப் பாரம் ஏற்றும்போது மட்டும். பாரம் குறைவாக இருக்கும்போது அந்த எண்களில் ஓட்டினால் பின்சக்கரங்கள் தரையை விட்டு எழும். எளிதில் உடையும் பொருளுக்கு ஒன்று முதல் மூன்று. அவளுடைய முட்டை மொத்தம் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் கனம்கூட வராது. இன்னொரு வரி தடித்த எழுத்தில் இருந்தது: வண்டியின் எடை முழுவதும் சக்கரங்களின்மேல் இறங்கி நிற்கும்போதுதான் போல்ட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும், தொங்கும்போது இறுக்கினால் போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு கிழிந்துவிடும். தடித்த எழுத்தில் போட்டால் படிப்பார்கள் என்று எவனோ ஒருவன் நம்பியிருக்கிறான். அவனை நினைத்து அவளுக்குப் பாவமாக இருந்தது.

திங்கட்கிழமை காலையில் ஒரு பழைய போர்வையை விரித்து வண்டிக்கடியில் போனாள். திருகை இரண்டில் வைத்தாள். போல்ட்டுகளைத் தளர்த்துவதற்குத்தான் பாடுபட்டாள். அண்ணனுக்காக முறுக்கிய அந்தக் கடைசி முறுக்கு அவ்வளவு பாசமாக இருந்தது. ஸ்பேனரில் ஒரு குழாயைச் செருகி, காலால் உதைத்து நான்கையும் தளர்த்தினாள். வண்டியின் பின்பக்கத்தை நாலு முறை அமுக்கிவிட்டு, அது தானாக நின்ற நிலையில் திரும்ப இறுக்கினாள். அங்கேயே மல்லாந்து படுத்திருந்தாள் கொஞ்ச நேரம். அடியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அவளுக்கு அதுவரை தெரியாது. யாரும் தேடி வர மாட்டார்கள்.

புதன்கிழமை ஓட்டம். ஐந்தே முக்காலுக்கு வாசலில் கொழுந்தன் நின்றார். கூடவே வருகிறேன் என்றார். கடைசி ஓட்டமாக இருந்தால் அண்ணன் போன பாதையைத் தானும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று ஆசையாம். கடைசி என்ற வார்த்தையை மெதுவாகத்தான் சொன்னார். அவள் முன்சீட்டில் இருந்த தட்டை எடுத்து இடம் கொடுத்தாள். திருகை மாற்றியதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

தார்ச்சாலையிலேயே வண்டி வேறு மாதிரி இருந்தது. வேகத்தடையில் ஏறி, இறங்கி, அதோடு விஷயத்தை முடித்துக்கொண்டது. கொழுந்தன் கதவைத் தட்டி, எட்டுன்னா எட்டுதான் அண்ணி என்றார். ஆமாம் தம்பி என்றாள்.

குவாரித் தடுப்பில் காவலர் கம்பியைத் தூக்க வந்தார். நரைத்த மீசை, கையில் ஒரு டீ டம்ளர். மூன்று முறையும் அவளைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டியவர். கணவனை இழந்த பெண்ணிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் அவர் மூன்று முறையும் விழுங்கிய வாக்கியம் ஒன்று, முன்சீட்டில் ஒரு ஆண் முகத்தைப் பார்த்ததும் வெளியே வந்துவிட்டது. வண்டியைச் சுற்றிக்கொண்டு கொழுந்தன் பக்கம் போய் ஜன்னலில் கை வைத்தார்.

"தம்பி, நீங்களாச்சும் அம்மாகிட்ட சொல்லுங்க. இந்தப் பாதையில இவ்வளவு வேகம் ஆகாது. நத்தை ஐயா எப்படிப் போவாரு."

கொழுந்தனுக்குப் புரியவில்லை. எந்த நத்தை ஐயா என்று கேட்டார்.

"இந்த வண்டி ஐயாதான். நாங்க இங்க அப்படித்தான் கூப்பிடுவோம். ஆறரைக்கு இங்க கம்பி தூக்குவேன், பத்தரைக்குத்தான் மேல சேருவாரு. எங்க ஆளுங்க நடந்தே அவர முந்திடுவாங்க. பள்ளம் வந்தா இறங்கிடுவாரு. கல்லப் பொறுக்கிப் போட்டு, காலால மிதிச்சுப் பாத்துட்டு, அப்புறம்தான் சக்கரத்த ஏத்துவாரு. முட்டை தூங்குதுன்னு சொல்லுவாரு."

சொல்லிவிட்டு, தப்பாக ஏதும் சொல்லிவிட்டோமோ என்று அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கம்பியைத் தூக்கினார்.

அவள் வண்டியை எடுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் போய், ஓரமாக நிறுத்தினாள். எஞ்சினை அணைத்தாள். கொழுந்தன் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய காது சிவந்திருந்தது.

அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். மூன்று முறை. அந்தத் தறுதலைப் பாதையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, அவருடைய நேரத்தைத் தவறவிடக் கூடாது என்று ஏழரைக்கு ஏழரைக்கு வந்து நின்றிருக்கிறாள். அவர் சங்கத்துக்காகச் சொன்ன பொய்யைச் சங்கத்தில் ஒருவர்கூட ஓட்டிப் பார்க்கவில்லை. ஓட்டிப் பார்த்தது அவள் மட்டும்தான். அறுநூறு முட்டைக்கு மேல் அதில் வீண். நடந்து போகிறவன் முந்துகிற வேகத்தில் போகிற மனுஷனுக்கு ஷாக் எதற்கு? செத்த ஷாக்கே தாராளம். எல்லாம் இவ்வளவு சுலபமாக விளங்கியது. வீட்டிலாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் பக்கத்தில் இருக்கும்போதுதான் அந்தப் பொய்யைப் போனில் முதலில் சொல்லியிருக்கிறார். போனை வைத்துவிட்டு மனைவி முகத்தைப் பார்த்து, அது பொய் என்று சொல்ல, சூறாவளிக்கு அந்த அளவு தைரியம் இருக்கவில்லை.

"அண்ணி" என்றார் கொழுந்தன். "அந்த ஆளு வேற யாரையாவது சொல்றாரா இருக்கும்."

அவள் கண்ணாடியில், பின்னால் இருந்த முட்டைத் தட்டுகளைப் பார்த்தாள்.

"சங்கத்துல இத..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். "நான் சின்னப் பையனா இருக்கும்போது சைக்கிள்ல என்ன உட்கார வெச்சு இறக்கத்துல பறப்பாரு அண்ணி. பிரேக்கே பிடிக்க மாட்டாரு."

"அப்ப உங்களுக்குப் பயமா இருந்துச்சா?"

"செத்தேன்னு நினைச்சேன்."

"அதான் முட்டைய அப்படி ஏத்தலையோ என்னமோ" என்றாள் அவள். கொழுந்தன் சிரிக்கத்தான் பார்த்தார். சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எட்டு மாதத்தில் அவள் முன்னால் அழாதவர் அவர் ஒருவர்தான். தலைவர் என்பதால் அடக்கிவைத்திருந்தார் போலிருக்கிறது. அவள் அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. வண்டியை எடுத்தாள்.

மெதுவாகப் போனால் அந்தப் பாதை வேறொரு பாதையாக இருந்தது. முதல் வளைவில், பள்ளத்துக்குள் தட்டையான கற்கள் பதிந்திருப்பதைப் பார்த்தாள். தானாக உருண்டு வந்த கற்கள் இல்லை. ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல், அவள் முட்டைத் தட்டை அடுக்குவதுபோல அடுக்கியிருந்தது. அடுத்த பள்ளத்திலும் இருந்தது. ஓடை குறுக்கிடும் இடத்தில் சக்கர அகலத்துக்கு இரண்டு வரிசை. இத்தனை வருடமும் சாயங்காலம் திரும்பும்போது அவர் நகக்கண்ணில் ஏன் மண் இருந்தது என்று அவள் கேட்டதே இல்லை. மூன்று முறை இந்தக் கற்களின்மேல்தான் பறந்திருக்கிறாள். ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

கற்கள் சரிந்த இடங்களில் வண்டியை நிறுத்தினாள். தலைவரை இறங்கச் சொன்னாள். அவர் மறுபேச்சு பேசாமல் இறங்கி, கல் தேடி, போட்டு, மிதித்துப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார். நாலாவது தடவை அவள் சொல்வதற்கு முன்பே கதவைத் திறந்தார். பாதி வழியில் கை துடைத்துக்கொண்டே, எட்டுல இருந்தா இந்த மெதுவான வேகத்துக்கு வண்டி இப்படி மிதக்காதே என்றார். அவருக்கும் மூளை உண்டு என்பதை சங்கத்தில் மற்றவர்கள் பக்கத்தில் இல்லாதபோதுதான் கவனிக்க முடிந்தது. ரெண்டுல இருக்கு என்றாள். அவர் தலையை ஆட்டினார். ரெண்டு என்று தனக்குத்தானே ஒரு முறை சொல்லிப் பார்த்தார். அது ஒன்றும் அவ்வளவு கேவலமான எண்ணாகத் தெரியவில்லை போலிருக்கிறது.

நல்ல ஷாக் இருந்ததால் அவரைப்போல நான்கு மணி நேரம் தேவைப்படவில்லை. அவர் சொன்ன ஒரு மணி நேரத்துக்கும் வாய்ப்பே இல்லை. பாதையை இரண்டரை மணி நேரத்தில் ஏறினாள். பண்ணையில் நிற்கும்போது மணி ஒன்பது. பண்ணைக்காரி ஒரு முட்டையை எடுத்து விளக்கில் பிடித்துப் பார்த்தாள். இன்னொன்று பார்த்தாள். முகத்தில் எதையும் காட்டாமல், இருபத்தொரு நாள் ஆகட்டும் என்றாள்.

அந்த இருபத்தொரு நாளும் சாவி கொக்கியில் தொங்கியது. கொழுந்தன் இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் வண்டியைத் தடவவில்லை. சங்கத்தில் என்ன சொன்னார் என்று அவள் கேட்கவில்லை. ஆனால் கடைத்தெருவில் எதிர்ப்பட்ட டார்க் தானாகவே சொன்னார்: தலைவர் ஏறிப் பார்த்துவிட்டு வந்து, சூறாவளி ஓட்டிய பாதையில் அந்த மாதிரி ஓட்ட நம்மில் ஒருத்தனாலும் முடியாது என்று சொல்லிவிட்டாராம். பொய் என்று ஒரு எழுத்தும் அதில் இல்லை. பிழை திருத்துகிறவளாக அவள் அந்த வாக்கியத்தை மனதுக்குள் ஒரு முறை படித்துப் பார்த்து, அப்படியே விட்டுவிட்டாள்.

இருபத்திரண்டாம் நாள் காலையில் பண்ணைக்காரி போன் செய்தாள். நலம் விசாரிக்கவில்லை. "இருநூத்தித் தொண்ணூத்தாறு" என்றாள். "அடுத்த புதன் நானூறா கொண்டுவர முடியுமா? முடியலன்னா இப்பவே சொல்லிடுங்க." அவள் முடியும் என்றாள். போனை வைத்துவிட்டு, தாய்க்கோழிக் கொட்டகைக்குப் போய், தண்ணீர்த் தொட்டிகளைத் தேய்த்துக் கழுவினாள். கழுவ வேண்டிய நாள் இல்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

புதன்கிழமை ஐந்தே முக்காலுக்குக் கொழுந்தன் மறுபடியும் வாசலில் நின்றார். இந்த முறை தொப்பி போட்டிருந்தார். கல் தூக்குவதற்கென்று தடித்த கையுறை வேறு வாங்கியிருந்தார். சாவியைப் பற்றிப் பேச்சே இல்லை. நேரே போய் முன்கதவில் கை வைத்தார்.

"வேணாம் தம்பி" என்றாள் அவள். "நான் மட்டும் போயிட்டு வரேன்."

"கல்லெல்லாம் யாரு தூக்குவா அண்ணி?"

"கையுறைய மட்டும் குடுங்க."

அவர் கையுறையை ஒரு முறை திருப்பிப் பார்த்தார். பிறகு கையுறையைக் கொடுத்துவிட்டு, கதவிலிருந்து கையை எடுத்தார். பத்திரமா போங்க என்று சொல்ல வாயெடுத்து, அதையும் சொல்லாமல் விட்டார். இத்தனை மாதத்தில் அவளுக்கு யாரும் செய்த பெரிய உபகாரம் அதுதான்.

முந்தின வாரம் மலையில் மழை பெய்திருந்தது. ஓடைக்கு அப்பால் பாதை ஒரு புது இடத்தில் அரித்துப் போயிருந்தது. அங்கே கல் எதுவும் இல்லை. அவள் வண்டியை நிறுத்தி, பின்னால் முட்டைத் தட்டுகளை ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு சரிவில் இறங்கினாள். தட்டையான கல் கிடைப்பது சிரமமாகத்தான் இருந்தது. அவசரம் ஒன்றும் இல்லை.